137 ஓவர்டியூ, ஒரு மஞ்சப்பை

போன வாரமும் ஒரு மஞ்சப்பை வந்துச்சு. வேலூர்ல டாக்ஸ் கன்சல்டன்டா இருக்கறவங்களுக்கு சொன்னாலே புரியும், பில்லு, ரசீது, பிரிக்காத கவரு எல்லாத்தையும் ஒண்ணா அமுக்கி எடுத்துகினு வந்து டேபிள் மேல கவுத்துட்டு "இன்னா சார் பண்றது, ஒண்ணுமே புரியல"ன்னு நிப்பாங்க. இவரு காட்பாடி பக்கம் ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு, நல்ல மனுஷன், வரிய ஏமாத்தணும்னு எண்ணமெல்லாம் இல்ல. ஆனா ஏழு மாசமா ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடல. கூடவே போனை நீட்டி காட்றாரு, ரிமைண்டர் ஆப்ல செவப்பு எழுத்துல 137 ஓவர்டியூ, அதாவது தேதி தாண்டியும் முடிக்காத வேலைங்க. இந்த மாதிரி இது எத்தனாவது பைன்னு எண்றத நான் விட்டுட்டேன்.

ஏங்க இவ்ளோ நாளுன்னு கேட்டா எல்லாரும் ஒரே பதில் தான். "ஒருநாள் கடைய சாத்திட்டு உக்காந்து மொத்தமா முடிச்சிடலாம்னு இருந்தேன் சார்." எனக்கு பிபி ஏறுறதே இந்த இடத்துல தான்.

அந்த ஒருநாள் வராதுங்க. பொங்கல் முடியட்டும்பீங்க, அக்னி நட்சத்திரம் போவட்டும்பீங்க (நம்மூரு வெயில்ல அதுவாவது நியாயம்), ஆடி கிருத்திகை ஆவட்டும்பீங்க. அப்படியே வந்தாலும் அது ஞாயித்துக்கெழமையா தான் இருக்கும். ஞாயித்துக்கெழம பேங்க் இல்ல, தாலுகா ஆபீஸ் இல்ல, பில்லு தர வேண்டிய சப்ளையரு போனே எடுக்க மாட்டாரு. நீங்க ஆசையா லாகின் பண்ணா ஓடிபி பழைய நம்பருக்கு போவும், அந்த சிம்மு எங்கன்னு பீரோவ கொடஞ்சிகினு இருக்கும்போதே மத்தியானம் ஆயிடும், அப்புறம் பிரியாணி, அப்புறம் தூக்கம், சாயந்திரம் எழுந்து "சரி அடுத்த வாரம்". தேங்கிப் போன வேலைல பாதி உங்க கையில இல்லவே இல்ல, யாரோ ஒருத்தர் போன் எடுக்கணும், யாரோ ஒருத்தர் கையெழுத்து போடணும். அத லீவு நாள்ல முடிக்க முடியாது, கடை தொறந்திருக்கற நாள்ல தான் காலைல ஒரு போன், மறுநாள் ஒரு போன்னு நகர்த்தணும். இத எத்தன பேருக்கு சொல்லிட்டேன், தலையாட்டிட்டு போயி மறுபடியும் அந்த ஒருநாளுக்கே காத்திருக்காங்க.

இன்னொண்ணு, பழசுல இருந்து ஆரம்பிக்கறது. ஜிஎஸ்டி போர்ட்டல்ல வேற வழி இல்ல, முந்தின மாசத்த முடிச்சா தான் அடுத்த மாசம் தொறக்கும். அந்த ரூலு போர்ட்டலுக்கு, உங்க வாழ்க்கைக்கு கெடையாது. இவரு லிஸ்ட்ல மொதல்ல இருந்தது "மாமா பொண்ணு கல்யாணம், மொய்". அந்த பொண்ணோட கொழந்த இப்ப ஸ்கூலுக்கு போவுது. அத முடிக்காம கீழ இருக்கற பைக் இன்சூரன்ஸ தொட மனசு வரலையாம்!

சரின்னு ஒரு பழைய காலண்டர் தாள திருப்பி வச்சி ரெண்டு பேரும் எழுத உக்காந்தோம். கால்வாசி ஏற்கனவே முடிஞ்ச வேலை, டிக் பண்ணாம விட்டது. நெறைய செத்தது. "வாலாஜா நெலம், வேலூர் கலெக்டர் ஆபீஸ்ல மனு"ன்னு ஒண்ணு, 2019 நவம்பர்ல இருந்து வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டம்ங்க, இவரு தேதிய மட்டும் தள்ளிகினே வந்திருக்காரு. அழிங்கன்னா "இருக்கட்டும் சார், என்னிக்காவது பண்ணுவேன்"ன்றாரு. நம்ம வேலூர் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் எத்தனையோ காலம் சாமி இல்லாம கெடந்து 1981ல சத்துவாச்சாரில இருந்து கொண்டாந்து வச்சாங்க. ஜலகண்டேஸ்வரர் காத்திருப்பாரு, உங்க லிஸ்ட்டு காத்திருக்காது. அழிச்சிட்டு, வேணும்னா "ராணிப்பேட்டை கலெக்டர் ஆபீஸ், திங்கக்கெழம மனு நாள்"னு புதுசா எழுதுங்க.

கடைசில மீட்டர் ஓடறதுன்னு, அதாவது தள்ளத் தள்ள நஷ்டம் ஏறறதுன்னு நின்னது ஆறே ஆறு. 137ல ஆறு!

மீட்டர்னா என்னன்னு சொல்றேன். 3பி, அதான் வரி கட்டற ஜிஎஸ்டி ரிட்டர்ன், லேட் ஆனா ஒரு நாளைக்கு 50 ரூபா, வியாபாரமே இல்லாத நில் ரிட்டர்ன்னா 20. வருஷ டர்ன்ஓவர் ஒன்றரை கோடிக்குள்ள இருந்தா ஒரு ரிட்டர்னுக்கு 2,000த்தோட லேட் ஃபீ நின்னுடும், நிம்மதி ஆயிடாதீங்க, கட்டாத வரிக்கு 18 சதவீதம் வட்டி நிக்காது. ரெண்டு மாசம் தொடர்ந்து விட்டா சரக்கு அனுப்ப ஈ-வே பில் (வண்டியோட போவ வேண்டிய ஆன்லைன் சீட்டு) போட முடியாது, ஆறு மாசம் ஆனா ரெஜிஸ்ட்ரேஷனையே கேன்சல் பண்ணலாம். இவருக்கு அந்த நோட்டீஸ் மெயில்ல வந்து கெடக்குது, மெயில் பாஸ்வேர்டு மச்சான்கிட்ட. ஆர்டர் போடறதுக்குள்ள எல்லா ரிட்டர்னையும் போட்டு வரிய வட்டி, லேட் ஃபீயோட கட்டிட்டா அந்த நடவடிக்கைய கைவிட்டுடுவாங்க, அதனால மச்சானுக்கு அங்கயே போன் போட வச்சேன். வண்டி இன்சூரன்ஸ் முடிஞ்சி 90 நாள் தாண்டினா நோ கிளைம் போனஸ் (கிளைம் பண்ணாததுக்கு பிரீமியத்துல கெடைக்கற தள்ளுபடி) போச்சு. ஆயுள் காப்பீட்டுல வருஷ பிரீமியத்துக்கு 30 நாள் தான் அவகாசம், மாசா மாசம் கட்றவங்களுக்கு 15.

மீட்டர் ஓடறத தனி தாள்ல எழுதி கல்லாப்பெட்டி மேல ஒட்டுங்க. மத்தது எல்லாம் ஆப்லயே கெடக்கட்டும், ஒண்ணும் குடி முழுகாது. "ஜிஎஸ்டி"ன்னு ஒத்த வார்த்தைல எழுதாதீங்க, பாத்தாலே பயம் வருது, "ஏப்ரல் பர்ச்சேஸ் பில்ல வாட்ஸ்அப்ல அனுப்பு"ன்னு எழுதுங்க. தேதிய மூணு தடவ தள்ளிட்டீங்கன்னா நாலாவது தடவ தள்ளாதீங்க, பண்ணுங்க இல்ல அழிங்க. புது வேலைய அந்த செவப்புக்கு அடியில போடாதீங்க, வேற பக்கம். அப்புறம் தயவு செஞ்சி, உங்களுக்காக காத்திருக்கறவங்களுக்கு ஒரு போன் போட்டு "லேட் ஆவும்"னு சொல்லிடுங்க, யாரும் கடிக்க மாட்டாங்க, வெக்கப்பட்டுகினு போன் எடுக்காம இருக்கறதால தான் பாதி பேரு கோவப்படறாங்க.

பையில இருக்கற கவர எல்லாம் வீட்லயே பிரிச்சி, தேதி தெரியற மாதிரி மடிச்சி எடுத்துகினு வாங்க. ஒவ்வொண்ணா நான் கத்திரிக்கோல் போட்டு பிரிக்கறதுக்கு தனியா ஃபீஸ் வாங்கறதில்ல. 18, 19, 20 தேதிங்கள்ல மட்டும் வராதீங்க, ரிட்டர்ன் கடைசி தேதி நெருக்கடி, அன்னிக்கு என் டேபிள்ல இருக்கறது என்னோட ஓவர்டியூ.