மலேரியா மாத்திரைக்குக் கஞ்சிப் பத்தியம் ஆகாது

காய்ச்சல் என்றால் சென்னை வீடுகளில் எண்ணெயையும் நெய்யையும்தான் முதலில் நிறுத்துவார்கள். அரிசிக் கஞ்சி, ரசம் சாதம், இட்லி, அவ்வளவுதான். மற்ற காய்ச்சலுக்குச் சரி. மலேரியாவுக்கு மருத்துவர் ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் கூட்டு மாத்திரை எழுதியிருந்தால், இந்தப் பத்தியம் மருந்தையே வீணாக்கிவிடும்.

லூமிஃபான்ட்ரின் தண்ணீரில் லேசில் கரையாது. அதற்குக் கொழுப்பு வேண்டும். கொழுப்புள்ள உணவு உள்ளே போனால் பித்தநீர் சுரக்கும். அதோடு கலந்துதான் மருந்து குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் நுழையும். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் சேருவதைவிட, கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் சுமார் 16 மடங்கு வரை கூடுதலாகச் சேருகிறது. இதற்கு விருந்தெல்லாம் தேவையில்லை. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் ஒரு டம்ளர், அல்லது ஒரு முட்டை போதும். கஞ்சிதான் இறங்கும் என்றால் ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் குடிக்கலாம்.

ஏன் இரண்டு மருந்து? ஆர்ட்டிமெதர் கிருமிகளை வேகமாகக் கொன்றுவிட்டு, சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். மிச்சத்தைத் தீர்ப்பது நாள்கணக்கில் தங்கும் லூமிஃபான்ட்ரின். பலருக்கு ஓரிரு நாளில் காய்ச்சல் விட்டுவிடும்; அப்போதுதான் மாத்திரையை நிறுத்தத் தோன்றும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். தப்பிய கிருமிகள் மறுபடி பெருகும், மருந்தை எதிர்க்கவும் பழகும்.

மொத்தம் 3 நாள், 6 வேளை. முதல் வேளை மதியம் 2 மணிக்கு என்றால், அடுத்தது 8 மணி நேரம் கழித்து இரவு 10 மணிக்கு. அப்புறம் இரண்டு நாளும் காலை, இரவு. எத்தனை மாத்திரை என்பது உடல் எடையைப் பொறுத்தது.

ரத்தப் பரிசோதனை இல்லாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கவே கூடாது. சென்னையில் அதிகம் வருவது வைவாக்ஸ் வகை மலேரியா. அதற்கு வழக்கமாகக் குளோரோகுயினும், கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்காக 14 நாள் பிரைமாகுயினும் தருவார்கள். கூட்டு மருந்து முக்கியமாக ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியாவுக்கு. கர்ப்பம், இதயத்துடிப்புக் கோளாறு, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுவது, எதுவானாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தியில் வந்துவிட்டால், மருத்துவரைக் கேட்டு அதே வேளையை மறுபடி போட வேண்டியிருக்கும். எதுவும் வயிற்றில் தங்கவில்லை, பேச்சுக் குழறுகிறது, வலிப்பு வருகிறது, சிறுநீர் கறுத்துப் போகிறது என்றால் அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தை ஊசியாகப் போடுவார்கள்.