முதல் வடிப்பைக் கொட்டினால் மெத்தனால் போய்விடுமா?

கள்ளச்சாராயச் சாவுச் செய்தி வரும்போதெல்லாம் வாசகர்கள் கேட்பது இது: முதலில் வடிவதைக் கொட்டிவிட்டால் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் போய்விடாதா? அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்தைப் (1920-1933) பார்த்தால் விடை கிடைக்கும்.

அங்கே வீட்டு ஊறல் என்பது மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், தண்ணீர். புளித்ததும் செப்புப் பானையில் காய்ச்சி, ஆவியைச் சுருள் குழாயில் குளிர வைப்பார்கள். இதில் மெத்தனால் மிகக் குறைவு. அது பெரும்பாலும் பழங்களில் உள்ள பெக்டின் என்ற கூழ்ப்பொருளிலிருந்து வருவது. வீட்டுச் சரக்கின் நஞ்சு பல நேரம் ஈயம்தான். செப்புச் சுருளுக்குப் பதிலாகப் பழைய கார் ரேடியேட்டரை மாட்டினார்கள். ஊறலின் அசிட்டிக் அமிலம் அதன் பற்றவைப்பில் இருந்த ஈயத்தைக் கரைத்துப் புட்டிக்குள் இறக்கியது.

மெத்தனால் வந்த வழி வேறு. தொழிற்சாலை ஆல்கஹாலைக் குடிக்க முடியாதபடி மெத்தனால் கலந்து நஞ்சூட்டியே விற்றார்கள். கடத்தல்காரர்கள் அதைத் திருடி, நஞ்சை நீக்க மறுபடி காய்ச்சினார்கள். 1926 கடைசியில் அரசு மெத்தனாலின் அளவைக் கூட்டியது.

மெத்தனாலின் கொதிநிலை 64.7 பாகை செல்சியஸ், குடிக்கும் ஆல்கஹாலான எத்தனாலுக்கு 78.3. அப்படியானால் மெத்தனால்தானே முதலில் பறக்க வேண்டும்? தனித்தனியாக இருந்தால் பறக்கும். தண்ணீரோடு கலந்துவிட்டால் கணக்கு மாறும். எத்தனாலுக்கு ஒரு கார்பன் கூடுதல். எண்ணெய்க் குணமுள்ள அந்த வால் தண்ணீருக்கு ஒவ்வாது, தண்ணீர் எத்தனாலை ஆவிப்பக்கம் நெட்டித் தள்ளிவிடும். குட்டி மூலக்கூறான மெத்தனாலோ ஹைட்ரஜன் பிணைப்பால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் மிகுந்த பானையில் எத்தனால்தான் முந்தும். மெத்தனால் கடைசிச் சொட்டு வரை கசிந்துகொண்டே இருக்கும். எனக்கு வேதியியலில் மிகப் பிடித்த குறும்பு இது! தண்ணீர் குறைந்த கலவையில் மெத்தனால் கொஞ்சம் முந்தும்தான். ஆனால் அதைப் பிரித்தெடுக்க, ஆவி பல தட்டுகளில் குளிர்ந்து குளிர்ந்து மறுபடி கொதிக்கும் உயரமான கோபுரம் வேண்டும். ஒற்றைப் பானையால் ஆகாது.

கரண்டியில் ஊற்றிக் கொளுத்தி, நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்பது வெறும் நம்பிக்கை. மெத்தனாலும் வெளிர்நீலமாகத்தான் எரியும்.

உண்மையான சோதனை நியூயார்க் பிணவறையில் நடந்தது. தலைமை மருத்துவ ஆய்வாளர் சார்லஸ் நோரிஸும் நச்சியல் நிபுணர் அலெக்சாண்டர் கெட்லரும் சடலங்களில் மெத்தனாலைக் கண்டறிந்தார்கள். நோரிஸ் அரசை வெளிப்படையாகவே சாடினார். ஆய்வகச் செலவுக்கு அவர் சொந்தப் பணத்தையும் போட வேண்டியிருந்தது. நஞ்சு கலக்கச் சொன்ன காலத்தில், அதைக் கண்டுபிடிக்கப் போதிய பணம் ஒதுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் எரிச்சல்.

கல்லீரல் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக்கி, பிறகு ஃபார்மிக் அமிலமாக்கும். பார்வை நரம்பைக் கெடுப்பது அந்த அமிலம். அது சேரப் பல மணி நேரம் ஆகும் என்பதால், குடித்தவர் போதையோடு தூங்கிவிடுவார். மறுநாள் கண் விழிக்கும்போதுதான் பார்வை மங்கியிருக்கும்.