தேன் கெடுவது தண்ணீரால்

மழைக்காலத்தை முன்னிட்டு அரிசி, பருப்பு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி என எடுத்து வைக்கும் வீட்டில் ஒரு கிலோ தேனும் இருப்பது நல்லது. அதற்கு அடுப்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்; ஏறத்தாழ 3,000 கிலோகலோரி ஆற்றல் அந்த ஒரு பாட்டிலில் அடங்கியிருக்கிறது. ஆனால் தேன் கெடவே கெடாது என்று நம்பி அதைப் பரணில் போட்டு மறந்துவிடலாகாது.

பூவிலிருந்து தேனீ கொண்டுவரும் மதுவில் பெரும்பங்கு நீர்தான். கூட்டிலுள்ள தேனீக்கள் அதை வாய்க்கு வாய் மாற்றியும், இரவெல்லாம் சிறகால் விசிறியும் நீரை வற்றச் செய்து, அது 18 விழுக்காட்டை ஒட்டி இறங்கிய பிறகே அறையை மெழுகால் மூடுகின்றன. மிச்சமிருக்கும் அந்தச் சொற்ப நீரையும் ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால், தேனில் விழும் பாக்டீரியாவுக்குக் குடிக்க ஒன்றும் கிடைப்பதில்லை. அதன் உடலிலுள்ள நீரும் வெளியே இழுக்கப்படுகிறது. தேனின் புளிப்பும் சேர்ந்து பல கிருமிகளைச் சாகடிக்கின்றன. எனினும் சர்க்கரையில் வாழப் பழகிய சில ஈஸ்ட்டுகள், அதாவது புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள், சாவதில்லை. அவை நீர் வரும் வரை தாகத்தோடு காத்துக் கிடக்கின்றன.

அந்த நீர் பெரும்பாலும் காற்றிலிருந்தே வருகிறது. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்வரை நல்ல தேன் நீரை வாங்கவும் செய்யாது, விடவும் செய்யாது. நம் கடற்கரை ஊர்களின் ஐப்பசி, கார்த்திகைக் காற்றோ அதைவிட வெகுவாக ஈரமானது. சரியாக மூடாத பாட்டிலின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தால், அங்கே ஒட்டியிருக்கும் தேன் இளகி, நீர்த்துப்போய் வழிவது தெரியும். பாட்டிலுக்குள் மேலடுக்கில் நிகழ்வதும் அதுவே. நீர் 20 விழுக்காட்டைத் தாண்டியதும் ஈஸ்ட் விழித்துக்கொள்கிறது. நுரை கட்டுகிறது, கள்ளின் வாடை எழுகிறது, திறக்கும்போது மூடி ‘டப்’ என்று காற்றை விடுகிறது. மார்த்தாண்டம் பக்கம் பெட்டிகளில் வளர்க்கும் இந்தியத் தேனீயின் தேனில், மெழுகு மூடாத அடையைப் பிழிந்திருந்தால், எடுக்கும்போதே இந்த எல்லை கடந்திருப்பதுண்டு. நாள்பட வைக்கத் தேர்வது கெட்டியான தேனாக இருக்கட்டும். கொடுக்கில்லாச் சிறு தேனீயின் கொசுத்தேன் இதற்கு ஆகவே ஆகாது. அதில் நீர் இன்னும் அதிகம்.

தேன் உறைந்தால் சர்க்கரைப் பாகு கலந்துவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. உறைவது கலப்படத்தின் அடையாளமன்று. குளுக்கோஸ் மிகுந்த ரப்பர் மரத் தேன் வெகு விரைவில் உறையும். 14 பாகை செல்சியஸை ஒட்டிய குளிரில் இது இன்னும் வேகமாக நடக்கும். கவலைப்பட வேண்டிய இடம் வேறு. படிகமாகும் குளுக்கோஸ் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டுமே உடன் கொண்டுபோகிறது. ஆகவே அடியில் வெள்ளை மணல்போலப் படிந்த பிறகு மேலே நிற்கும் திரவம் முன்னைவிட நீர்த்ததாகிவிடுகிறது. புளிப்பு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். கை பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் பாட்டிலை வைத்துப் பொறுமையாகக் கரைத்துக் கிளறினால் சரியாகும்.

கொதிக்க வைக்கக் கூடாது. வெப்பத்தில் ஃபிரக்டோஸ் சிதைந்து ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபியூரல் என்ற பொருளாகிறது. இந்திய விதிகளின்படி கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது. கோடையில் ஓட்டுக்கூரையின் கீழுள்ள பரணும் மெதுவாக இதையே செய்து, தேனைக் கறுக்க வைக்கிறது. எனவே தரையோடு ஒட்டிய, வெயில் படாத அலமாரியே ஏற்றது. பெரிய பாட்டில் ஒன்றைவிடக் கழுத்துவரை நிரப்பிய சிறிய கண்ணாடிப் பாட்டில்கள் நான்கு மேல். ஒன்றைத் திறக்கும்போது மற்ற மூன்றுக்குள் ஈரக் காற்று புகாது. தேனின் அமிலம் தகர மூடியை அரிப்பதால் பிளாஸ்டிக் மூடி நன்று. ஈரக் கரண்டியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஈஸ்ட்டைப் போலவே தேனில் உறங்கக்கூடிய இன்னொன்று தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் நோயைத் தரும் கிளாஸ்டிரிடியம் பாக்டீரியாவின் வித்து. பெரியவர்களின் குடலில் அது பொதுவாக முளைப்பதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கக்கூடும். வெள்ளத்தில் பால் கிடைக்காத நாளிலும் சரி, பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கும் நாளிலும் சரி, இந்தப் பாட்டில் அக்குழந்தைக்கானதன்று.