புதிய பதிப்பு திறந்ததைப் பழைய பதிப்பு ஏன் திறக்க மறுக்கிறது?

போன தை மாதம், முகூர்த்த நெருக்கடியில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் மாமா மகன் இரவு பத்து மணிக்கு போன் செய்தார். "மச்சான், மூணு கல்யாண ஆல்பம் அப்படியே நிக்குது. கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

படங்களைத் தரம் பிரிக்கவும் நிறம் திருத்தவும் அவர் நான்கு வருடமாக ஒரு கட்டற்ற மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார். புதிதாக வாங்கிய கேமராவின் கோப்புகளை அது திறக்கவில்லை. இன்னும் வெளியாகாத அடுத்த பதிப்பு திறக்கும் என்று தேடிக் கண்டுபிடித்து, அதை நிறுவினார். திறந்தது. இரண்டு நாள் வேலையும் ஓடியது. மூன்றாம் நாள் பாதி வேலையில் நின்று நின்று போனது. சரி, பழையதற்கே திரும்பிவிடலாம் என்று அதை மறுபடி நிறுவினால், "இந்தத் தரவுத்தளம் புதிய பதிப்பில் மாற்றப்பட்டது, திறக்க முடியாது" என்று வந்து நின்றது. படங்கள் பத்திரமாக இருந்தன. எந்தப் படத்துக்கு எத்தனை நட்சத்திரம், எதில் என்ன திருத்தம் என்கிற நான்கு வருடக் குறிப்புகளைத்தான் அணுக முடியவில்லை.

இப்படி இறுதியாக வெளியாகும் முன்பே கிடைக்கும் முன்வெளியீடு என்றால் அடிக்கடி நின்றுபோகும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். நின்றுபோனால் மறுபடி திறந்துகொள்ளலாம். நம் தரவை அது எப்படி மாற்றி வைக்கிறது என்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது.

இப்படிப்பட்ட குறிப்புகளைப் பல மென்பொருள்கள் எஸ்கியூலைட் வகைத் தரவுத்தளத்தில் சேமிக்கின்றன. எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பின் முதல் 100 பைட்டுகள் தலைப்பகுதி. அதற்குள், மென்பொருள் தனக்கென ஒரு பதிப்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ள நான்கு பைட் இடம் உண்டு. மென்பொருள் கோப்பைத் திறந்ததும் முதலில் அந்த எண்ணைப் பார்க்கும். கோப்பில் 38 என்று இருக்கிறது, மென்பொருளுக்குத் தெரிந்தது 40 என்றால், 38லிருந்து 39, 39லிருந்து 40 என்று ஒவ்வொரு படியாக அட்டவணைகளை மாற்றி எழுதிவிட்டு, எண்ணையும் 40 ஆக்கிவிடும். கணக்கு நோட்டில் புதிதாக ஒரு பத்தி, அதாவது நெடுவரிசை, சேர்த்து, பழைய வரிகளை அதற்கேற்பத் திரும்ப எழுதுவது மாதிரி. ஏறுவதற்கு மட்டும்தான் பெரும்பாலும் நிரல் எழுதுவார்கள், இறங்குவதற்கு எழுதுவதில்லை. 38 வரை மட்டுமே தெரிந்த பழைய பதிப்பு 40ஐப் பார்த்தால் ஒதுங்கிக்கொள்ளும். அப்படி ஒதுங்குவது நல்லதும்கூட. புரியாத அட்டவணையில் எழுதத் தொடங்கினால் எல்லாமே குழம்பிவிடும்.

முன்வெளியீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த 40ஆம் படி இன்னும் முடிவாகவில்லை. இன்று ஒரு பத்தியைச் சேர்ப்பார்கள், அடுத்த வாரம் அது சரிவரவில்லை என்று வேறு மாதிரி அமைப்பார்கள். இன்றைய 40 உங்கள் கோப்பில் உட்கார்ந்துவிட்டால், இறுதியாக வெளிவரும் பதிப்பு "40 ஏற்கெனவே முடிந்தது" என்று நம்பி அந்தப் படியைத் தாண்டிப் போய்விடலாம். பின்னால் போகவும் வழியில்லை, முன்னால் போகும் வழியும் கோணலாகிவிடும்.

கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏறினால் மஞ்சக்குப்பத்தில் யாரும் கடையை மூடுவதில்லை. தொலைவில் கடலில் ஏதோ உருவாகிறது, படகில் போகிறவர்கள் கவனம் என்பதே அதன் பொருள். ஆல்ஃபா, பீட்டா என்ற ஒட்டுகளும் அப்படித்தான். எண்ணைப் படித்தால் போதாது, அது யாருக்குச் சொல்லப்பட்டது என்றும் தெரியவேண்டும். ஆல்ஃபாவில் புதிய வசதிகள் இன்னும் வந்துகொண்டிருக்கும். பீட்டாவில் பெரும்பாலும் வசதிகள் முடிந்து, பிழை பிடிக்கும் வேலை நடக்கும். ஆர்சி (ரிலீஸ் கேண்டிடேட்) என்றால், பெரிய பிழை எதுவும் அகப்படாவிட்டால் இதுவே வெளியாகும் என்று பொருள். நைட்லி என்பது அன்றைய நிரலை அன்றே தானியங்கியாகக் கட்டித் தருவது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளமோ அதன் குடும்பமோ ஓடும் கணினிகளில் 2.0~ஆர்சி1 என்று இருந்தால், நடுவில் உள்ள அலைக்குறி "இது 2.0க்கு முந்தியது" என்று மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் பொதி நிர்வாகிக்குச் சொல்லும். அதனால்தான் இறுதிப் பதிப்பு வந்ததும் ஒழுங்காக அதன் மேல் ஏறிக்கொள்கிறது.

ஆனால் ஒரே ஒட்டு எல்லா இடத்திலும் ஒரே பொருள் தருவதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில், ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு வாரம் புதிய மாற்றங்களைச் சேர்ப்பார்கள். அது முடிந்ததும் வருவதுதான் ஆர்சி1. பெயரைப் பார்த்தால் கிட்டத்தட்ட தயாரானதுபோல இருக்கும், உண்மையில் அந்தச் சுற்றிலேயே மிகப் பச்சையான பதிப்பு அதுதான். பிறகு வாரம் ஒன்றாக ஆர்சி7 அல்லது ஆர்சி8 வரை போகும்.

2021இல் 5.12-ஆர்சி1 என்ன செய்தது என்று பாருங்கள். ரேம் நிரம்பும்போது கர்னல் அதிலுள்ள சில பக்கங்களை, அதாவது தரவுத் துண்டுகளை, வட்டில் ஒதுக்கி வைக்கும். அதற்கு வட்டில் தனிப் பிரிவு வைத்திருப்பார்கள், அல்லது ஒரு சாதாரணக் கோப்பையே கொடுப்பார்கள். கோப்பாக இருந்தால், அது வட்டில் எங்கே தொடங்குகிறது என்பதையும் கூட்டித்தான் எழுதும் இடத்தைக் கணக்கிடவேண்டும். புதிய மாற்றத்தில் அந்தக் கூட்டல் விட்டுப்போனது. தெருப் பெயரை விட்டுவிட்டுக் கதவு எண்ணை மட்டும் பார்த்துத் தபாலைப் போட்டதுபோல, ரேமிலிருந்து போன பக்கங்கள் மற்ற கோப்புகள் இருந்த இடத்தில் விழுந்து அவற்றை அழித்தன. தனிப் பிரிவு வைத்திருந்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை, அதனால் உடனே கண்ணில் படவும் இல்லை. தெரிந்ததும், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பதிப்பின் பெயரிலேயே "பயன்படுத்தாதே" என்று சேர்த்துவிட்டார். எச்சரிக்கை எங்கோ ஒரு பக்கத்தில் கிடந்தால் பலர் பார்க்கமாட்டார்கள், பெயரிலேயே இருந்தால் தவறவிட முடியாது. எனக்கு மிகவும் பிடித்த எச்சரிக்கை இது.

அப்படியானால் யாருமே இவற்றைத் தொடக்கூடாதா? தொடவேண்டும். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், டெபியனின் நிலையற்ற கிளை ஓடிய கணினியில் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியே நுழைய அரை நொடி அதிகம் ஆவதைக் கவனித்தார். தோண்டிப் பார்த்தபோது எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு திருட்டு வாசல் வைத்திருந்தது வெளிவந்தது. டெபியனின் நிலையான கிளையில் அப்போது 5.4.1தான் இருந்தது. சோதனைக் கிளைகளில் மனிதர்கள் இருந்ததால்தான், அது ஊரெங்கும் உள்ள சர்வர்களுக்குள் போவதற்கு முன்பே பிடிபட்டது.

சோதிக்கிறவர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைத்தான் நாம் கற்றுக்கொள்ளவேண்டும். ஃபயர்பாக்ஸ் உலாவியின் நைட்லி, நம் அமைப்புகளையும் குறிப்புகளையும் வைக்கும் சுயவிவரக் கோப்புறையை (புரொஃபைல்) தனக்கென்று தனியாக வைத்துக்கொள்கிறது. 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பு தொட்ட சுயவிவரத்தைப் பழையது தானாகத் திறப்பதும் இல்லை. ஆவணங்கள் எழுதப் பயன்படும் லிப்ரே ஆபிஸின் ஆல்ஃபா அல்லது பீட்டா பதிப்பு நிலையான பதிப்புக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும். ஆனால் அதில் நீங்கள் திறந்து சேமிக்கிற ஆவணம் உங்கள் உண்மையான ஆவணம்தான். அதற்கு யாரும் வேலி போட்டுத் தர முடியாது. நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். எடுத்த நகல் பழைய பதிப்பில் திறக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அன்றிரவு ஸ்டுடியோவில் அமைப்புக் கோப்புறையைத் துழாவியபோது, மாற்றி எழுதுவதற்கு முன் அந்த மென்பொருளே எடுத்து வைத்திருந்த ஒரு நகல் அகப்பட்டது. எல்லா மென்பொருளும் அப்படிச் செய்வதில்லை. இரண்டு நாள் வேலை போனது, நான்கு வருடம் திரும்பி வந்தது. பழைய மடிக்கணினி ஒன்றில் முன்வெளியீட்டைத் தனியாகப் போட்டுக் கொடுத்தேன். எந்தப் படத்தைத் திறந்தால் நின்றுபோகிறதோ அந்த ஒரு படத்தையும், என்னென்ன செய்தபோது நின்றது என்பதையும் சேர்த்து, உருவாக்குபவர்களுக்குப் பிழை அறிக்கை அனுப்பினோம். எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அப்புறம் அவர் பழைய கேமராவை எடுத்து பையில் வைத்துக்கொண்டார். விடிந்தால் பண்ருட்டியில் ஒரு கல்யாணம்.