பழைய காருக்குப் புதிய பாகம்: பளபளப்பு வலிமை ஆகாது

அம்பாசடர் கார் ஒன்றின் முன்சக்கர சஸ்பென்ஷனிலிருந்து கழற்றிய போல்ட் ஒன்றைச் சென்ற மாதம் வியாசர்பாடியிலுள்ள என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கோ கடைந்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் போட்டிருந்த அந்த போல்ட் நடுவில் வளைந்திருந்தது. தலைக்குக் கீழே மரை இழுபட்டு நீண்டிருந்தது. "அண்ணே, எவர்சில்வர்தானே, துருவே பிடிக்காது, இது எப்படி வளையும்?" என்று காரின் உரிமையாளர் கேட்டார். இந்தக் கேள்வியை ஒருவர் மட்டும் கேட்டிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

துருப்பிடிக்காமல் இருப்பது வேறு, பாரம் தாங்குவது வேறு. செம்புதாஸ் தெருவில் நாம் கேட்டவுடன் வெட்டிக் கொடுக்கும் 304 ரக எஸ்.எஸ். (எவர்சில்வர்) கம்பி, சாதாரண நிலையில், சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 205 நியூட்டன் இழுவிசையிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். வண்டிகளில் வரும் 8.8 என்ற வலிமைத் தர எஃகு போல்ட்டுக்கு அந்த எல்லை 640. அதாவது, எஸ்.எஸ். தாங்குவது அதில் மூன்றில் ஒரு பங்குதான். விலை கூடிய 316 வாங்கினாலும் கணக்கு பெரிதாக மாறாது. அது உப்புக்காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும், அவ்வளவுதான். காந்தம் ஒட்டவில்லை என்பதால் "ஒரிஜினல் சரக்கு" என்று மகிழ்பவர்களுக்கும் இதே பதில்தான்: காந்தம் அதன் வலிமையைச் சொல்லாது. இந்த இரண்டு ரகங்களையும் சூடேற்றி எண்ணெயில் முக்கிக் கடினப்படுத்தவும் முடியாது. சாம்பார் வாளிக்கு உகந்த உலோகத்தை ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியின் அடியில் மாட்டிவிட்டு, அது ஏன் வளைந்தது என்று என்னிடம் கேட்பதில் பயனில்லை.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று இரும்பைத் தின்பது உண்மைதான். அந்த அச்சம் எனக்கும் புரிகிறது. அலங்காரப் பட்டைகள், நம்பர் பிளேட் திருகுகள், புகைபோக்கிக் குழாய் ஆகியவற்றுக்கு எஸ்.எஸ். தாராளமாகப் போடுங்கள். பாரம் தாங்கும் இடத்தில் இ.என். 24 போன்ற வலிமையான கலப்பு எஃகை உரிய ஹீட் ட்ரீட்மென்டுடன் (சூடேற்றிக் கடினப்படுத்துவது) வாங்கி, தலைக்கும் தண்டுக்கும் இடையே கூர்மையான மூலை விடாமல் ரேடியஸ் (வளைவு) கொடுத்துக் கடையுங்கள். துருவுக்குப் பெயின்ட்டும் கிரீஸும் இருக்கின்றன. பொருளுக்கான டெஸ்ட் சான்றிதழைக் கடையில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இதற்கு அடுத்த தொல்லை குரோம் முலாம். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் ஆர்ம் போன்ற கடினப்படுத்திய பாகங்களை முலாம் தொட்டியில் போடும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடுகிறது. முலாமிட்ட நான்கு மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வாட்டி அதை வெளியேற்றாவிட்டால், பாகம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முறியக்கூடும். பம்பருக்கு முலாம் பூசும் தெருப்பட்டறையில் இந்த வாட்டலை யாரும் செய்வதில்லை. ஆகவே ஸ்டீயரிங் பாகங்களுக்குக் கறுப்புப் பெயின்ட் போதும். முறிந்த ஸ்டீயரிங் ஆர்மை வெல்டிங் வைத்துத் தரும்படி தயவுசெய்து யாரிடமும் கேட்காதீர்கள்.

அளவெடுப்பதிலும் கவனம் வேண்டும். தேய்ந்த மாதிரியைக் கொடுத்து "இதே மாதிரி" என்றால், தேய்மானத்தையும் சேர்த்துத்தான் கடைந்து தருவார்கள். தேயாத ஓரத்தைத் தேடி மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். அளந்த பாகம் அங்குலத்தில் வடிவமைக்கப்பட்டதா, மெட்ரிக்கிலா என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அம்பாசடர் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்தது, அதன் அளவுகள் அங்குலத்தில் பிறந்தவை. 5/8 அங்குலத் தண்டு 15.875 மில்லிமீட்டர், அதை 16 என்று முழுமையாக்கி, தண்டைச் சுற்றி அமரும் புஷ்ஷைக் கடைந்தால், பொருத்திய அன்றே 0.125 மில்லிமீட்டர் ஆட்டம் கூடுதலாக வந்துவிடும். 5/16 அங்குல நுண்மரையில் எம்8 (8 மில்லிமீட்டர் மெட்ரிக்) போல்ட்டை ஸ்பானரால் நெரித்து ஏற்றுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஃபியட் வழிவந்த பிரீமியர் பத்மினி மெட்ரிக் என்பதால் இந்தத் தலைவலி குறைவு.

இப்போது இளைஞர்கள் முப்பரிமாண அச்சில் பாகம் செய்து கொண்டுவருகிறார்கள். பொருந்துகிறதா என்று பார்க்க அதைவிடச் சிறந்த வழி இல்லை, நானும் அதைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த அச்சுக்குப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும். சென்னை மே மாதத்தில் பானெட்டுக்குள் அதை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரேக் சிலிண்டரையும் பிரேக் குழாயையும் சொந்தமாகச் செய்யும் யோசனையைக் கைவிட்டு, தரமானதை வாங்கிக்கொள்ளுங்கள். 50 ஆண்டுகளைக் கடந்த காரை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்று 2021ஆம் ஆண்டு விதிகள் சொல்வதையும், வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கடைந்து முடித்த ஒவ்வொரு பாகத்துக்கும் அளவு, பொருள், ஹீட் ட்ரீட்மென்ட் மூன்றும் எழுதிய வரைபடத்தை வாங்கி வண்டிக் காகிதங்களோடு வையுங்கள். அடுத்த முறை பட்டறைக்கு வரும்போது தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக அந்தக் காகிதத்தை நீட்டுங்கள்.