டிபென்டும் பென்ஷனும்: ஒரே கயிற்றில் தொங்கும் சொற்கள்

இங்கே மொரிசியசில் மார்ச் 12 வந்தாலே வாய்க்கு வாய் 'இன்டிபென்டென்ஸ்'தான். 1968இல் கிடைத்தது. சொல்லின் கடைசிப் பகுதியில் ஆங்கிலத்தில் 'e' (-dence) வரும் இடத்தில் பிரெஞ்சுக்காரர் 'a' (-dance) போட்டு எழுதுவார்கள், இரண்டு மொழியையும் படிக்கிற நம் பிள்ளைகள் ஸ்பெல்லிங்கில் தடுமாறுவதில் வியப்பில்லை.

சரி, சொல்லுக்குள் என்ன இருக்கிறது? லத்தீனில் 'பெந்தெரே' என்றால் தொங்குவது. முன்னால் 'தே' சேர்ந்தால் ஒன்றிலிருந்து கீழே தொங்குவது, அதுதான் டிபென்ட். ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் 'மொரிசியசும் அதன் டிபென்டென்சிகளும்' என்று வரும். ரொட்ரீக்ஸ், அகலேகா போன்ற தீவுகள் நம்மில் தொங்கின, நாமோ லண்டனில் தொங்கிக்கொண்டிருந்தோம்!

தமிழ் இந்த இடத்தில் தொங்கவில்லை, சாய்ந்துகொண்டது. சார்தல் என்றால் அண்டுதல், சாய்தல், அதிலிருந்து சார்பு. அதற்காக இன்டிபென்டென்சைச் சார்பின்மை என்று போட்டுவிடாதீர்கள், அது மதச்சார்பின்மை, நடுநிலை என்று வேறு பக்கம் போய்விட்டது. நாட்டுக்கு விடுதலை, வேட்பாளருக்குச் சுயேச்சை.

லத்தீனில் தானே தொங்குவதற்கு ஒரு வினை, தராசில் தொங்கவிட்டு எடைபோடுவதற்கு அதன் உடன்பிறப்பாக இன்னொன்று. அந்தக் காலத்தில் பணத்தையே நிறுத்துக் கொடுத்ததால், எடைபோடுவது 'செலுத்துவது' ஆகி, அங்கிருந்துதான் பென்ஷன் வந்தது, நம் பாட்டிமார் மாதாமாதம் எதிர்பார்க்கும் அதே 'பான்சியோன்'. தமிழிலும் அச்சாக இப்படி ஒரு ஜோடி உண்டு: தூங்கு என்றால் பழந்தமிழில் தொங்கு (தூங்கணாங்குருவியின் கூட்டைப் பாருங்கள்), தூக்கு என்றால் தொங்கவிடு, எடைபோடு. 118ஆம் குறளில் வள்ளுவர் 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்பது தராசைத்தான். 'பெர்பென்டிகுலர்' கூட லத்தீன் கொத்தனாரின் தூக்குக்குண்டிலிருந்து பிறந்ததுதான், தமிழில் செங்குத்து.

மற்றவை சுருக்கமாக: பென்டுலம் ஊசல், பென்டன்ட் பதக்கம், சஸ்பென்ஷன் வேலையில் என்றால் இடைநீக்கம், வண்டியில் என்றால் தொங்கல் அமைப்பு. அப்பென்டிக்ஸ் வயிற்றில் குடல்வால், புத்தகத்தில் பின்னிணைப்பு. பென்டிங் நிலுவை, அங்கே கோப்பு தொங்குகிறது, நம்மிடம் நிற்கிறது.

அப்புறம் படிவங்களில் வரும் 'டிபென்டன்ட்'. இலங்கைத் தமிழில் 'தங்கியிருப்போர்' என்பார்கள், தமிழ்நாட்டுக்காரர் காதுக்கு அது லாட்ஜில் ரூம் எடுத்தவர் மாதிரி கேட்கும். 'சார்ந்திருப்போர்' என்று போட்டால் இரண்டு பக்கமும் புரியும்.