யூரினில் 'உப்பு' என்றால் எந்த உப்பு?

"போன மாசம் நர்சம்மா யூரின்ல உப்பு இருக்குன்னு சொன்னாங்க சிஸ்டர். அன்னையிலேருந்து புள்ளைக்கு உப்பில்லாக் கஞ்சிதான். கருவாட்டைக் கண்ணுலயே காட்டலை."

மருமகளைக் கைத்தாங்கலாகப் பிரசவ வார்டுக்குள் கூட்டி வந்த மாமியார் இதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. மருமகளுக்கு 34 வாரம், தலைப்பிரசவம். ரத்த அழுத்தம் 170/110. பாம்பன் பக்கத்துக் குடும்பம். ஆறாம் மாதம் வரை கடல்பாசி எடுக்கப் போனவள், அப்புறம் கரையில் மீன் காய வைத்துக்கொண்டிருந்தாள். உப்பைத்தான் நிறுத்தியாகிவிட்டதே என்ற நிம்மதியில் அடுத்த செக்கப்புக்கு அவர்கள் போகவில்லை.

அந்த மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். 'ஆல்புமின்' என்றால் புரியாது என்று 'உப்பு' என்று சொல்லிப் பழக்கியது எங்கள் ஆட்கள்தான். வாலிநோக்கத்தில் உப்பளம், வீட்டுக்கு வீடு கருவாடு, கிணற்றுத் தண்ணீரே கரிக்கிற ஊர்கள். இங்கே உப்பு என்றால் வேறு எதை நினைப்பார்கள்?

அது உப்பே இல்லை. புரதம். நான் படித்த காலத்தில் சோதனைக் குழாயில் யூரினை எடுத்து, மேல் பாதியை மட்டும் விளக்கில் காட்டிச் சூடாக்குவோம். ஆல்புமின் இருந்தால், முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததுபோல வெளுத்துக் கலங்கும். பிறகு சில சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவோம். கலங்கல் மறைந்துவிட்டால் அது பாஸ்பேட், அதாவது நிஜமாகவே ஒரு வகை உப்பு. அதனால் கவலை இல்லை. மறையாமல் நின்றால்தான் கவலை. இப்போது சோதனைப் பட்டையை யூரினில் நனைத்து நிறம் பார்ப்பதால் இந்த வேடிக்கை யாருக்கும் தெரிவதில்லை.

நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் ஆரம்பத்தில் சரியாக விரிவடையாமல் போவதில்தான் 'ப்ரீஎக்லாம்ப்சியா' என்ற இந்தக் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் தொடங்குகிறது. 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம் புரதத்தை ஒழுக விடுகிறது. கஞ்சியில் உப்பைக் குறைத்தால் இது நிற்காது. இதைத் தடுப்பதற்கென்று கர்ப்பிணிகள் உப்பைக் குறைக்க வேண்டியதில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அதற்காக மூன்று வேளையும் கருவாடு என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அளவான உப்போடு வீட்டுச் சாப்பாடு போதும்.

ஓய்வாக உட்கார வைத்து, நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நோய். 160/110 என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வீட்டில் மாமனார் போடும் பிரஷர் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். எனலாப்ரில் போன்ற சில மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

கால் வீக்கத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள். சாயங்காலம் வீங்கி, படுத்து எழுந்ததும் வடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. காலையில் எழும்போதே முகமும் கையும் உப்பியிருப்பதுதான் வேறு கதை. இந்தப் பெண்ணுக்கு வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் அச்சுப் பதித்திருந்தன. மூன்று நாளாகத் தலைவலி. நெஞ்சுக்குழியில் வலி என்றதற்கு வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். அந்த வலி கல்லீரல் பாதிக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். கண் மங்குவது, எதிரே பூச்சி பறப்பது, யூரின் குறைவது, பிள்ளையின் அசைவு குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் செக்கப் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அந்தத் தூரத்தையும் கணக்கில் வைத்துத்தான் கிளம்ப வேண்டும்.

அடுத்த கட்டம் வலிப்பு. பழைய ஆட்கள் ஜன்னி என்பார்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதில் பயனில்லை. வாயில் கரண்டி வைத்தால் பல்லும் நாக்கும் போகும். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

வலிப்பு வராமலிருக்க அவளுக்கு மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டோம். போடும்போது உடம்பெல்லாம் தீயாகக் காந்தும் என்று முன்பே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் பயந்து எழுந்துவிடுவார்கள். மருந்து அளவு மீறினால் மூச்சே நின்றுபோகலாம். அதனால்தான் நாங்கள் சுத்தியலால் முழங்காலைத் தட்டித் தட்டிப் பார்க்கிறோம், மூச்சை எண்ணுகிறோம், குழாய் போட்டு யூரினை அளக்கிறோம். மணிக்கு 30 மில்லி வர வேண்டும். "புள்ளையை ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?" என்று மாமியார் சண்டைக்கு வந்தார். அளவு மீறினால் அதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் தலைமாட்டில் தயாராக இருப்பதைக் காட்டினேன். அப்புறம் அவரே யூரின் பையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பிள்ளை 1 கிலோ 700 கிராம். பிழைத்துக்கொண்டது.

நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோய் இறங்கத் தொடங்கும். ஆனால் அன்றே போய்விடாது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரைகூட அழுத்தம் ஏறலாம், வலிப்பு வரலாம். பச்சை உடம்புக்காரி தலைவலி என்றால் தலைக்குக் குளித்த நீர் என்று சாம்பிராணி போடுவார்கள். போடுங்கள், கூடவே பிரஷரும் பாருங்கள்.

அடுத்த கர்ப்பத்தில் இது திரும்ப வரலாம். அதனால் இரண்டு மூன்று மாதத்திலேயே டாக்டரிடம் போய் முந்தின கதையைச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் 12 வாரம் முதல் சிறிய அளவு ஆஸ்பிரின் தொடங்குவார். சுண்ணாம்புச்சத்து மாத்திரையைப் பலர் டப்பாவோடு வைத்துவிடுகிறார்கள். இந்த நோயைத் தடுக்க அதுவும் உதவும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'யூரினில் புரதம்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். பத்தாம் நாள் காலையில் மாமியார் மருமகளோடு வந்து நின்றார். ராத்திரி லேசாகத் தலை வலித்ததாம். அழுத்தம் 150/100. டாக்டர் மாத்திரையைக் கூட்டி, மறுநாளும் வரச் சொன்னார்.